பொட்டு வைத்த டிஸ்க்

நான் வேலை பார்த்த கடையில் இப்போது கேமரா பூட்டியிருக்கிறார்கள். ரிப்பேர் மேசை ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கேமரா. தங்கள் கொம்பியூட்டரை உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் முன்னறையில் இருந்தபடியே திரையில் பார்த்துக்கொள்ளலாம். கடையின் புது முதலாளி என்னைக் கூப்பிட்டு, பிளேன் டீ வாங்கிக் கொடுத்து, "எப்படி மிஸ் நம்ம ஏற்பாடு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. அப்படியே இன்னொண்ணு வாங்கி கவுண்டர்ல பூட்டுங்க. வர்றவங்க மூஞ்சி தெரியிற மாதிரி" என்றேன்.

நான் கிண்டல் பண்ணுவதாக நினைத்துக்கொண்டார். இல்லை. இத்தனை வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். செத்த ஹார்ட் டிஸ்க் பொய் சொல்லாது. அதைப் பையில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள்தான் சொல்வார்கள். கீழே விழவே இல்லை என்பார்கள். மூலையில் நசுங்கல் இருக்கும். யாரும் கழற்றவில்லை என்பார்கள். திருகாணியின் தலை தேய்ந்திருக்கும். நேற்று வரை நன்றாக ஓடியது என்பார்கள். உள்ளே கரப்பான் குடும்பம் நடத்தியிருக்கும். புது ஆட்கள் என்னிடம் வந்து அனுபவம் சொல்லுங்கள் என்கிறார்கள். சொல்கிறேன். பிடிக்காவிட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

நான் கண்டி மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மாநகர சபையில் வேலை செய்தார். பள்ளிக்கூடம் முடித்து, டைப்பிங் படித்து, கோயில் மண்டபத்தில் நடந்த கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய், கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடிக் கடையில் பற்றுச்சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். கை நடுங்காது என்பதைக் கண்டுபிடித்து என்னை ரிப்பேர் மேசைக்கு மாற்றியவர் சிவபாதம் சேர். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

சிவபாதம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கடையின் சொந்தக்காரரும் அவர்தான், தலைமை மெக்கானிக்கும் அவர்தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவருக்கு முன்னால் உட்கார்ந்தால், செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொள்ளத் தோன்றும். மற்றக் கடைகளில் "என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள். அவர் அப்படிக் கேட்க மாட்டார். டிஸ்க்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கடைசியாத் தொட்டது ஆர்?" என்பார். பாதிப் பேருக்கு அந்த இடத்திலேயே வியர்த்துவிடும்.

கொம்பியூட்டரில் தெரியாத டிஸ்க் வந்தால் அவர் செய்யும் முறை ஒன்று இருந்தது. அதில் ஒரு படியைக்கூட அவர் மாற்றியதில்லை. முதலில் மின்சாரம் கொடுக்கக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், பிறகு முகர்ந்து பார்க்க வேண்டும். கருகிய வாசம் இல்லையென்றால், டிஸ்க்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே தட்டு சுற்றுவது கைக்குத் தெரியும். டிக் டிக் என்று அடித்தால் உடனே நிறுத்த வேண்டும். "இன்னொருக்கா போட்டுப் பாப்பம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த இன்னொரு தடவையில்தான் பலருடைய பிள்ளைகளின் படமெல்லாம் போனது. டிஸ்க் உயிர் பெற்றால் எந்தக் கோப்பையும் திறக்கக் கூடாது. முதலில் இருப்பதை இருப்பதுபோலவே வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும். அதன் பிறகு வேலை எல்லாம் பிரதியில்தான். அசலை ஒரு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கொண்டுவந்தவரின் கையெழுத்தை வாங்கி, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கும்.

கோப்புகளின் பெயரை நாங்கள் பார்க்கலாம். உள்ளே பார்க்கக் கூடாது. திறப்பது உரியவர்தான். இந்த விஷயத்தில் அவர் எங்களையும் நம்பியதில்லை. நான் அதற்காகக் கோபப்பட்டதும் இல்லை. கடையில் இருந்த மற்றவர்களை நானும்தான் நம்பவில்லை. பெண்கள் பலர் படியேறி வந்து, எட்டிப் பார்த்து, நான் இருந்தால்தான் பையைத் திறப்பார்கள். ஏன் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

எங்களைச் சந்தேகப்பட்டவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அக்குறணையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் நாநா. டிஸ்க் தெரியவில்லை என்று வந்தார். கதிரையை இழுத்து என் முழங்கைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு கூடாத சாமானைப் போட்டுவிடுவோமாம், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் டிஸ்க்கோடு தன்னுடைய கேபிளையும் கொண்டுவந்திருந்தார். அதில்தான் பூட்ட வேண்டும் என்று பிடிவாதம். பூட்டினேன், டிஸ்க் தெரியவில்லை. எங்கள் கேபிளில் பூட்டினேன், தெரிந்தது. "நாநா, கேபிள்தான் போயிருக்கு" என்றேன்.

"என்ட கேபிளயா சந்தேகப்படுறீங்க? அது என்ட மகன் வாங்கித் தந்தது" என்றார். நாநாவுக்கு என் மேல் இருந்த சந்தேகம் அன்றைக்குப் போகவில்லை. கேபிளைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. இனிச் சொல்லப்போவது அப்படியில்லை.

ஒரு நாள் காலையில் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். முதலில் வந்தவர் நாற்பது வயதுக்காரர், பளிச்சென்ற சட்டை, நல்ல சிரிப்பு. பேர் ரவி, தெல்தோட்டைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தார். பின்னால் வந்தவள் கலா. கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண். டிஸ்க் ரவியுடையது. ஆனால் அது இருந்த பையைக் கலாதான் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பஸ்ஸில் வரும்போதும் அவள் மடியில்தான் இருந்ததாம். உட்காரச் சொன்னதும் ஒருவர் வாங்குப் பலகையின் இந்த முனையிலும் மற்றவர் அந்த முனையிலும் உட்கார்ந்தார்கள்.

"ஒரு கல்யாண வீடியோ இருக்கு மிஸ். என்னோட கல்யாணம்" என்றாள் கலா.

அவள் கதையை அவளே சொன்னாள். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள். பதிவு செய்யவில்லை. பிறகு செய்யலாம் என்று புருஷன் சொன்னான். எங்கள் ஆட்கள் பலர் வீட்டில் அந்தப் "பிறகு" வருவதே இல்லை. பெண் குழந்தை பிறந்தது. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் போடும் இடத்தில் ஒன்றுமில்லை. நாலைந்து வருஷம் கழித்து அவன் வேறு பெண் பார்த்தான். கேட்டால், உனக்கும் எனக்கும் கல்யாணமே நடக்கவில்லையே என்கிறான். ஆல்பமும் சீடியும் அவன் அம்மாவிடம் இருந்தன, இப்போது இல்லையாம். மணவறையில் இருந்த பூசாரி செத்துப்போனார். அவனுடைய அப்பா தோட்டத்தில் கங்காணி, அதனால் பார்த்தவர்களும் வாய் திறக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயது. கலா பிள்ளையின் செலவுக்குக் காசு கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போட்டிருந்தாள். கல்யாணம் நடந்ததைக் காட்ட மிச்சமிருந்தது ரவி எடுத்த வீடியோ மட்டும்தான்.

அந்த ரவி யார் என்றால், அவள் புருஷனுடைய தாய்மாமன் மகன்.

"வக்கீல் வந்து கேட்டாரு சேர். சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் போட்டுப் பார்த்தேன், டிஸ்க் புடிக்கல. அதத்தான் சொன்னேன்" என்றார் ரவி. "சொந்தக்காரனுக்காக நான் ஒளிக்கிறேன்னு ஊரெல்லாம் பேசுது. சரி, கண்டியில எந்தக் கடைக்கு வேணும்னாலும் வா, முன்னாலயே திறந்து பார்ப்போம்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

கலா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கூட்டிட்டு வரல மிஸ். நான் கூட வந்தேன்" என்றாள்.

சேர் டிஸ்க்கைக் கையில் எடுத்தார். "எல்லாத்தையும் எடுக்கிறதோ, இல்லாட்டி அந்த ஒரு கலியாணம் மட்டுமோ?"

ரவி கையை விரித்தார். "எல்லாத்தையும் எடுங்க சேர். அழிஞ்சது, கெட்டது, ஒண்ணு விடாம எடுங்க. எனக்கு ஒளிக்க என்ன இருக்கு?"

எனக்கு அந்தக் கையை விரித்த விதம் பிடிக்கவில்லை. ஒளிக்க ஒன்றுமில்லாதவன் இவ்வளவு அகலமாகக் கையை விரிப்பானா? அந்தப் பழைய டிஸ்க்கை சேரிடம் வாங்கித் திருப்பி, சிப்புகள் இருக்கும் பச்சைப் பலகையைப் பார்த்தேன். நடுவில் சிவப்பாக ஏதோ ஊறிக் காய்ந்து, ஓரங்களில் பச்சையாகப் பூத்துப்போயிருந்தது.  உள்ளறைக்கு சேரைக் கூப்பிட்டு, "ஊத்தியிருக்கான் சேர். வேணும்னே எதையோ ஊத்திக் கெடுத்திருக்கான்" என்று காதோடு சொன்னேன்.

சேர் டிஸ்க்கை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"மணந்து பார் பிள்ளை."

சந்தனம்.

சேர் வெளியே வந்து ரவியிடம், "பூசைக்கு இதுக்கும் பொட்டு வைச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"ஆமா சேர். வீட்டுக்காரி ஒண்ணு விட மாட்டா. கேமரா, லைட்டு, ஸ்டாண்டு, டிஸ்க்கு, எல்லாத்துக்கும் சந்தனம் குழைச்சு குங்குமம் வைப்பா. வருஷா வருஷம் வைக்கிறதுதான்."

ஸ்டூடியோக்காரர்கள் டிஸ்க்கைப் பெட்டிக்குள் பூட்டாமல் அப்படியே மேசையில் கிடத்தியிருப்பார்கள். அது பலகைப் பக்கம் மேலே தெரியக் கிடந்திருக்கிறது. அந்த அம்மாளும் நெற்றி என்று நினைத்து அங்கேயே வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் ஈரச் சந்தனமும் குங்குமமும் பலகைக்கு அடியில் இறங்கி, தட்டுக்கும் பலகைக்கும் தொடர்பு கொடுக்கும் செப்புப் புள்ளிகளை அரித்துவிட்டன. இதை உலகத்தில் எந்தக் கம்பெனிக்காரனும் தன் புத்தகத்தில் எழுதியிருக்க மாட்டான். சரஸ்வதி பூஜை கொண்டாடுகிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது.

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, உண்மையைச் சொன்னால் என்ன. கள்ளன் என்று முடிவு கட்டிய ஆள் கண்ணுக்கு முன்னாலேயே நல்லவனாகிவிட்டான். கலாவுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. முதல் முறையாக ரவியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப வேணும்னு செய்யலயா அண்ணே?" என்றாள். ரவிக்குக் கண்கூட லேசாகக் கலங்கியது.

நான் உள்ளே போய் சேரிடம், "பாவம் சேர், நல்ல மனுஷன்தான்" என்றேன்.

"பொட்டு வைச்சவ நல்லவ" என்றார் சேர். "அதால புருசனும் நல்லவன் எண்டு சொல்லேலாது. நீ பலகையைக் கழட்டு."

பலகையைக் கழற்றினேன். கறுத்துப்போன புள்ளிகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். தூளை ஊதக் கூடாது. வாயின் ஈரம் படும். தூரிகையால் தட்டிவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, செப்பு மின்னியதும் திருப்பிப் பூட்டினேன். சேர் உள்ளங்கையில் வைத்து மின்சாரம் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "சுத்துது" என்றார். திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது. கலா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பிரதி எடுத்து முடியும் வரை இரண்டு பேரையும் இருக்கச் சொன்ன சேர், கோப்புகளைப் பார்க்க அடுத்த கிழமை வாருங்கள் என்றார். மாலையில் பிரதி முடிந்ததும் அசலை உறைக்குள் போட்டு ஒட்டினார். ஒட்டிய இடத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். "ரெண்டு பேரும் வந்தால்தான் காட்டுவன். ஒராள் தனிய வந்தால் திறக்க மாட்டன்." வழக்கத்தில் டிஸ்க்கின் சொந்தக்காரர் மட்டும்தான் கையெழுத்து வைப்பார். ரவி ஒரு கணம் யோசித்தார். பிறகு வைத்தார்.

பிரதியை நான்தான் பார்த்தேன். ரவி ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சேர்த்து ஒரு ஃபோல்டர் போட்டிருந்தார். தெல்தோட்டைப் பக்கத்துக் கல்யாணமெல்லாம் வரிசையாக இருந்தது. மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். கலாவின் பெயர் இல்லை.

எல்லாம் எடுங்க என்று அவரே சொல்லியிருக்கிறாரே. அழித்தவற்றைத் தேடும் வேலையை ஓடவிட்டேன். டிஸ்க்கில் அழிப்பது என்றால் வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றுவது போல. வேறு யாரும் குடிவரும் வரை வீடு அங்கேயே நிற்கும். தேடல் முடிந்ததும் பட்டியல் வந்தது. அந்த டிஸ்க்கில் அழிக்கப்பட்டிருந்த கல்யாணம் ஒன்றே ஒன்றுதான். அது கலாவுடையது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் கலங்கினானே, அந்தக் கண்ணை நினைத்தேன். அவன் அழித்துவிட்டுத்தான் கையை விரித்திருக்கிறான். அழித்தது திரும்பி வராது, டிஸ்க் உயிர் பெற்றாலும் ஒன்றும் இருக்காது, இந்தா பார் இல்லை என்று ஊருக்குக் காட்டலாம் என்றுதான் கூடவே வந்திருக்கிறான். ஆனால் அவன் அழித்த கையோடு பூஜை வந்துவிட்டது. பொட்டு வைத்ததோடு டிஸ்க் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக ஒரு படம்கூட அதில் ஏற வழியில்லை. டிஸ்க் நன்றாக ஓடியிருந்தால் அடுத்த மூன்று கல்யாணத்தில் கலாவுடையது மூடப்பட்டிருக்கும். அந்த அம்மாளின் சந்தனம்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

போனை எடுத்தேன், கலாவைக் கூப்பிட. சேர் என் கையைப் பார்த்தார்.

"வை பிள்ளை. அவளுக்குச் சொன்னால் அவள் ஆரிட்டயும் அழுது சொல்லுவாள். அது ரவிக்குக் கேட்டால் அவர் வர மாட்டார். அவர் வரவேணும்."

அந்தக் கிழமை முழுக்க எனக்கு ஒரே பயம். அவன் முந்திக்கொண்டு வந்து என் டிஸ்க்கைக் கொடு என்று நின்றால்? சொந்தக்காரன் கேட்டால் எப்படி மறுப்பது? படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்த்தேன். அவன் வரவில்லை. சொன்ன நாளில், கலா வந்து உட்கார்ந்த பிறகு, கையில் ஒரு பெட்டி கேக்கோடு வந்தான். எங்களுக்காம். நான் அதைத் தொடவில்லை.

சேர் இரண்டு பேருக்கும் முன்னால் உறையின் கையெழுத்துகளைக் காட்டினார். பிறகு பிரதியைப் போட்டார். பெயர்கள் வரிசையாக வந்தன. கலா திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனாள். கடைசிப் பெயருக்கு வந்ததும் விரல் அப்படியே நின்றது.

"பார்த்தியா தங்கச்சி" என்றார் ரவி. குரலில் அவ்வளவு பரிவு. "நான் என்ன செய்ய? மெஷின் தின்னுருச்சு."

கலா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"இருங்கோ தங்கச்சி" என்றார் சேர். "அவர் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னவர். அழிஞ்சதையும் எண்டு சொன்னவர். அதை இன்னும் காட்டேல்லை."

மற்றப் பட்டியலைத் திறந்தார். அதில் இருந்தது ஒரே பெயர். கலா அதை வாய்விட்டுப் படித்தாள்.

ரவியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "சேர், டிஸ்க் என்னோடது. அது வேணாம். மத்தத மட்டும் குடுங்க."

"டிஸ்க் உங்கடதான், தாறன். எடுக்கச் சொன்னது உங்கட வாய். உறையில இருக்கிறது ரெண்டு பேரின்ர கையெழுத்து" என்றார் சேர், அதே குரலில். "தங்கச்சி, நீங்கள் திறவுங்கோ. நாங்கள் திறக்கிறேல்லை."

கலாவின் விரல் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை திறந்தது. தோட்டத்துக் கோயில், மேளம், புகை. சிவப்புக் கூறைச் சேலையில் தலை குனிந்து இருந்தவள் கலாதான். பக்கத்தில் மாப்பிள்ளை, கையில் தாலி. கெட்டி மேளம் தொடங்கும் நேரத்தில் கேமராவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் உரத்துக் கேட்டது.

"மச்சான், அவசரப்படாத! தாலிய நல்லாத் தூக்கிப் புடி. கேமராவுக்குக் காட்டு. நாளைக்கு எவனும் நீ கட்டலன்னு சொல்லிறக்கூடாது பாரு!"

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே தாலியைத் தூக்கிக் காட்டினான். அப்புறம் கட்டினான்.

எங்கள் கடையில் யாரும் சிரிக்கவில்லை. ரவி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது... எல்லாக் கல்யாணத்துலயும் சொல்றதுதான். சும்மா சிரிப்புக்குச் சொன்னது."

கலா கண்ணைத் துடைக்கவில்லை. அவரை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்குச் சிரிப்புக்குச் சொன்னத, கோர்ட்டுல வந்து சிரிக்காம ஒரு தடவ சொல்லுங்கண்ணே."

ரவி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வீடியோவின் பிரதிகளைக் கலா வாங்கிக்கொண்டாள். ஒன்றைப் பைக்குள்ளும் ஒன்றை ஜாக்கெட்டுக்குள்ளும் வைத்தாள். எங்களையும் முழுதாக நம்பவில்லை என்று நினைக்கிறேன். நல்லது.

வழக்கு முடிந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்து கலா சொன்னாள். சான்றிதழில் இப்போது அப்பா பெயர் இருக்கிறது. ரவி சாட்சி சொல்ல வந்தானா என்று கேட்டேன். வரவில்லையாம். காய்ச்சல் என்று ஆள் அனுப்பினானாம். நீதவான் வீடியோவைப் போடச் சொன்னாராம். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம், கோர்ட் முழுக்க ரவியின் குரல் கேட்டதாம்.